தழும்பில்லாத அடி

தங்கராசு மேஸ்திரி அடித்து எவனுக்கும் எலும்பு முறிந்ததில்லை. அவனே இதைப் பெருமையாகச் சொல்வான். அடிவாங்கியவர்களும் ஒப்புக்கொள்வார்கள். மரக்காணத்தில் அவன் வேலை பார்த்த உப்பளத்தில் அவனுக்கு முன்பிருந்த மேஸ்திரி கோபம் வந்தால் கைக்குக் கிடைத்ததை எடுத்து அடிப்பவர். தலை உடையும், கை ஒடியும், போலீஸ் வரும். தங்கராசு மேஸ்திரியான பிறகு போலீஸ் ஒருமுறைகூட வரவில்லை. முதலாளிக்கு அவனைப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

அவனுடைய முறை வேறு. உப்பு வாரும் பலகையிலிருந்து மூங்கில் கழியை உருவிக்கொள்வான். பழைய சாக்கொன்றைத் தண்ணீரில் நனைத்து, கழியின் முனையில் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டுவான். அடிவாங்கப்போகிறவன் அது முடியும் வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு தொடையின் பின்பக்கம், பிட்டம், முதுகெலும்பின் இருபுறச் சதை. இந்த மூன்று இடங்களைத் தவிர வேறெங்கும் கழி படாது. ஈரச் சாக்கு தோலைக் கிழிக்காது, தடிப்பு எழாது. ஒருவாரம் உட்கார முடியாமல் தவிப்பவனிடம் வேட்டியை அவிழ்த்துக் காட்டச் சொன்னாலும் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

"தலை வேணாம், எலும்பு வேணாம், வவுறு வேணாம். சதையில போடு. சதை வலிக்கும், சாவாது" என்பான்.

இதை அவன் கொடூரம் என்று நினைக்கவில்லை. பதினைந்து வயதில் உப்புக் கூடையைக் கொட்டிவிட்டதற்காகப் பழைய மேஸ்திரி அறைந்ததில் அவனுடைய இடது காது போயிற்று. அந்தக் காதில் கடைசிவரை ஒன்றும் கேட்டதில்லை. சிலர் அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பார்கள், அது சரியல்ல. தான் அடிக்கும் எவனுக்கும் அப்படி ஒரு குறை வரக்கூடாது என்று அவன் நிஜமாகவே கவனமாக இருந்தான்.

தாய் தகப்பன் போன பிறகு தங்கை பாஞ்சாலையை வளர்த்தவன் அவன்தான். பெருமுக்கல் பக்கத்துச் சொந்த ஊரை விட்டுவிட்டு அவளையும் அழைத்துக்கொண்டு அளத்துக்கு வந்தான். அவளும் கை ஓங்கத் தயங்காதவள்தான். உப்புக் கூடை சுமக்கும்போது இடுப்பைக் கிள்ளிய லாரி கிளீனரின் காதைக் கடித்துத் துப்பியவள் என்று பேச்சு உண்டு. கடித்தது உண்மை, துப்பவில்லை. அவளைக் கலியனுக்குக் கட்டிக் கொடுத்தான். கலியனும் அதே அளத்தில் வேலை. சோம்பேறி, ஆனால் வாய் ஓயாது. அவன் இருக்கும் வரிசையில் பெண்கள் சிரித்துக்கொண்டே உப்பு அள்ளுவார்கள். சம்பள நாளில் மட்டும் குடிப்பான்.

கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, 2005 தொடக்கத்தில் அளமெல்லாம் மணல். பாத்திகளை மறுபடி மிதித்துக் கெட்டிப்படுத்தி, ஓடையைத் தூர் வாரி, உப்பு இறங்கத் தொடங்கவே மே மாதம் ஆகிவிட்டது. முதலாளி தினமும் வந்து நின்றார். அந்த மே மாதத்தில், முதல் உப்பு வாரும் நாளுக்கு முன்பு, கலியன் ஒரு மடையை அடைக்காமல் போய்விட்டான். ஓடைத் தண்ணீர் இரவெல்லாம் உப்புப் பாத்தியில் பாய்ந்து, விளைந்து கிடந்ததெல்லாம் கரைந்துபோயிற்று. காலையில் பாத்தி குளம் மாதிரி பளபளத்தது.

அளத்தில் கணக்கு எழுதும் நான் அன்று அங்கே இல்லை. அதற்குப் பிறகு நடந்ததை அங்கே இருந்த மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

"மடையை அடைச்சியாடா?" என்றான் தங்கராசு.

"அடைச்ச மாதிரிதான் இருந்துச்சு மச்சான்."

"பாத்தியைப் பாரு."

கலியன் பார்த்தான். பெண்கள் பக்கம் திரும்பிச் சிரித்தான். "கரைஞ்ச உப்பு எங்க ஓடிடப் போவுது? தண்ணியிலதான இருக்குது. நாலு நாள் வெயில் அடிச்சா மறுபடி எழுந்து உக்காந்துக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார். கூடைக்காரிகளில் ஒருத்தி, "மேஸ்திரி வூட்டு மாப்ளையாச்சே, யாரு கேக்கப் போறா? நம்ம ஆம்பளைங்கன்னா இந்நேரம் சாக்கு நனைஞ்சிருக்கும்" என்றாள்.

தங்கராசு சாக்கை நனைக்கப் போனான்.

கலியன் முதல் அடி வரை அதை விளையாட்டு என்றுதான் நினைத்தான். மற்றவர்களுக்குத் தங்கராசு ஒரு பத்துப் பன்னிரண்டு அடியோடு நிறுத்திவிடுவான். அன்று நிறுத்தவில்லை. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தான். "போதுமா?" என்றான். அவள் பதில் சொல்லாதபோது மறுபடி அடித்தான். கழியில் சுற்றிய சாக்கு அவிழ்ந்தது. நிறுத்தி, மறுபடி நனைத்து, இறுக்கிக் கட்டி, அடித்தான். ஈரச் சாக்கு சதையில் இறங்கும் சத்தம் துணி துவைப்பது போல இருந்தது என்று மூவருமே சொன்னார்கள். கலியன் குப்புற விழுந்து உப்புத் தண்ணீரைக் கடித்தான். தங்கராசு அவன் முதுகின் நடுவில் மிதித்துக்கொண்டு தொடைகளை அடித்தான். அந்தப் பெண் அழுதுகொண்டே "போதும் மேஸ்திரி, போதும்" என்று கத்திய பிறகும் நாலைந்து விழுந்தது. பிறகு கரைந்த பாத்தியிலேயே முட்டிபோட வைத்தான். வெயில் இறங்கும் வரை ஒருவரும் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனான்.

எலும்பு உடையவில்லை. கலியன் தன் காலாலேயே வீட்டுக்கு நடந்தான். வழியில் தங்கராசு சைக்கிளை நிறுத்தி, "வூட்டுல என்னா சொல்லப் போற?" என்று கேட்டான்.

"வரப்புல வழுக்கிட்டேன்னு சொல்றேன் மச்சான்" என்றான் கலியன். உண்மையைச் சொன்னால் பாஞ்சாலை அண்ணன் வீட்டுக்கு அரிவாளோடு போவாள் என்பது அவனுக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் அவனுக்குச் சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போயிற்று. பாஞ்சாலை பயந்துபோய் அக்கம்பக்கத்தில் சொன்னாள். எல்லோரும் ஒரே குரலில் சொன்னது மஞ்சள் காமாலை. எங்கள் பக்கத்தில் சிறுநீர் கறுத்தால் வேறு எந்த நோயையும் யாரும் யோசிப்பதில்லை. காமாலைக்கு என்று ஒரு நடைமுறையும் இருக்கிறது. பச்சிலை அரைத்து மோரில் மூன்று நாள். எண்ணெய் கிடையாது, உப்பு கிடையாது. சூடு தணிய இளநீர், எவ்வளவு முடியுமோ அவ்வளவு. உடம்பு வலிக்கு மட்டும் பாஞ்சாலை மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தாள். அந்த மாத்திரையும் சிறுநீரகத்துக்கு ஆகாதது என்பது யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள், பச்சிலை கேட்கிறதா என்று பார்க்க, கடைவீதி லேபில் ரத்தம் கொடுத்தார்கள். காமாலை என்று சொல்லிக் கொடுத்ததால் ஈரலுக்கான சோதனைகள் மட்டும் செய்தார்கள். தாளை எடுத்துக்கொண்டு தங்கராசு மருந்துக்கடை குழந்தைசாமியிடம் போனான். குழந்தைசாமி நல்ல மனிதர். மருந்துப் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துப் படித்தே பாதி வைத்தியராகிவிட்டவர்.

"எஸ்ஜிஓடி நாப்பதுக்குள்ள இருக்கணும்பா. உங்காளுக்கு ஆயிரத்து நானூத்தி அறுபது! எஸ்ஜிபிடி முந்நூத்தி தொண்ணூறு. ஈரல் வெந்துபோச்சு. எத்தினி வருஷமா குடி?"

"சம்பளத்துக்குச் சம்பளம் குடிப்பான்."

"அதான் சொல்லுதே இது" என்று தாளைத் தட்டினார் குழந்தைசாமி.

மேலே முதல் வரியில் பிலிரூபின் 0.8 என்று இருந்தது. அதற்கு எதிரே, அளவு மீறினால் போடும் நட்சத்திரக் குறி இல்லாததால் இருவரும் அதைப் பார்க்கவில்லை.

கலியனை அடித்த பிறகு தங்கராசு அன்றுதான் வீட்டுக்குப் போய் முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டான் என்று அவன் மனைவி பின்னால் சொன்னாள். தன் அடி இல்லை, குடி. அந்தத் தெம்பில் அவனுக்கு மாப்பிள்ளைமேல் பாசம் பொங்கிவிட்டது. தெரிந்தவர் தோப்பில் மரமேறி ஒரு குலை இளநீரை இறக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். தன் கையாலேயே சீவி, தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினான்.

"குடி மாப்ள. ஈரல் குளுந்துடும்."

கலியன் அவன் கையைப் பார்த்தான். வாயைத் திறந்து குடித்தான். மறுநாளும் இன்னொரு குலை வந்தது. அதற்குள் கலியனுக்குச் சிறுநீர் ஏறக்குறைய நின்றுபோய், முகம் ஊதி, குடித்ததை எல்லாம் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். ஐந்தாம் நாள் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அளத்து வேனில் போட்டுப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம். வழியில் குடிக்க என்று ஒரு பையில் நாலு இளநீரும் வந்தது.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் அனுஷியாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தாளை வாங்கிப் படித்தார். கலியனின் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"காமாலைன்னு யார் சொன்னா?"

"எல்லாரும் சொன்னாங்க டாக்டரம்மா" என்றாள் பாஞ்சாலை.

"கண்ணைப் பாருங்க. வெள்ளையா இருக்கு. காமாலைன்னா பிலிரூபின் ஏறியிருக்கணும். இவருக்குப் பாயின்ட் எட்டு. எனக்கும் உங்களுக்கும் இருக்கிற அளவு. அப்ப யூரின் எதனால கறுப்பாப் போச்சு?"

"எஸ்ஜிஓடி ஆயிரத்து நானூறுங்களே" என்றான் தங்கராசு. அந்த எண்ணை அவன் மனப்பாடம் செய்திருந்தான். "குடிங்க. ஈரல் வெந்துடுச்சு."

"குடிச்சுக் கெட்ட ஈரல்னா எஸ்ஜிஓடி முந்நூறு நானூறைத் தாண்டறது அபூர்வம். அது ஈரல்ல மட்டும் இருக்கிறதும் இல்ல. சதையிலயும் இருக்கு, ஹார்ட்லயும் இருக்கு. எது செத்தாலும் ரத்தத்துல வந்து கொட்டும். எஸ்ஜிபிடிதான் பெரும்பாலும் ஈரலோடது. இங்க அது கம்மியா இருக்கு, எஸ்ஜிஓடிதான் எகிறி நிக்குது." கலியனின் தொடையை அழுத்தினார். தொடை கல் மாதிரி இறுகியிருந்தது. மயக்கத்திலும் அவன் அலறினான். "என்ன ஆச்சு இவருக்கு?"

"வரப்புல வழுக்கி வுழுந்தாருங்க" என்றாள் பாஞ்சாலை.

டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்தார். இருந்த கொஞ்சம் சிறுநீரையும் குழாய் விட்டு எடுத்து அனுப்பினார். இதயத் துடிப்பைப் படம் எடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்ததும் நர்ஸிடம் சத்தம் போட்டு ஓர் ஊசியை உடனே போடச் சொன்னார். ரிப்போர்ட் வந்ததும் எங்களை வெளியே அழைத்தார்.

"கிரியாட்டினின்னு ஒண்ணு. சதை வேலை செய்யறதுல உண்டாகிற கழிவு. கிட்னி அதை வெளியேத்தணும். ஒண்ணுக்குப் பக்கத்துல இருக்கணும். இவருக்கு ஏழு புள்ளி ரெண்டு. யூரியா நூத்தி நாப்பத்தெட்டு. கிட்னி நின்னுபோச்சு. பழைய கிட்னி வியாதியா இருந்தா ரத்தம் குறைஞ்சிருக்கும், ஸ்கேன்ல கிட்னி சுருங்கியிருக்கும். ரெண்டும் இல்ல. இது அஞ்சு நாளைக்குள்ள வந்தது. யூரின்ல ரத்தம் இருக்கிற மாதிரி காட்டுது, ஆனா மைக்ராஸ்கோப்ல பார்த்தா ரத்த அணு கிடையாது. அப்படின்னா அது ரத்தம் இல்ல, சதையோட சாயம். சிபிகேன்னு சதைக்கே உள்ள டெஸ்ட் ஒண்ணு. எரநூறு இருக்கணும். முப்பத்தெட்டாயிரம் இருக்கு. இவர் உடம்புல எங்கியோ சதை கூட்டமா செத்துப்போயிருக்கு. அந்தச் சாயம் போய்க் கிட்னியை அடைச்சுடுச்சு."

பாஞ்சாலைக்குப் பாதி புரிந்தது. "பொழைப்பாரா?" என்றாள்.

"பொட்டாசியம் ஆறு புள்ளி ஒம்பது. அஞ்சு தாண்டினாலே பயப்படணும். இது இன்னும் ஏறினா ஹார்ட் பொட்டுன்னு நின்னுடும். என்ன சாப்பிடக் கொடுத்தீங்க?"

"இளநீருதாங்க. உப்பில்லாத கஞ்சி, இளநீரு. எங்கண்ணன் கொலை கொலையா கொண்டாந்தாரு."

டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இளநீர் பூரா பொட்டாசியம்மா. கிட்னி நின்னவனுக்கு அது விஷம்."

தங்கராசு கையிலிருந்த பையைக் கீழே வைத்தான்.

"இப்ப எனக்கு ஒரு பதில் வேணும்" என்றார் டாக்டர். "வரப்புல வழுக்கினா இவ்வளவு சதை சாகாது. உடம்புல காயமும் இல்ல, தழும்பும் இல்ல. உப்பளத்து ஓடையில நிக்கிறவர். கடல்பாம்பு கடிச்சா இப்படித்தான் வரும். கடிச்ச இடம்கூட சில சமயம் தெரியாது. கண் இமை வேற சரிஞ்சிருக்கு. மயக்கத்துலயா, விஷத்துலயான்னு எனக்குத் தெரியல. பாம்புன்னா எப்ப வேணா மூச்சு நிக்கும். இங்க மூச்சு மெஷின் காலி இல்ல, மெட்ராஸுக்கு அனுப்பணும். பாம்பு இல்லைன்னா இங்கயே இப்பவே டயாலிசிஸ். ஓடையில நின்னாரா?"

தங்கராசுவுக்கு அந்த நேரத்தில் கதவு ஒன்று திறந்தது. குடி போய்விட்டது, ஈரல் போய்விட்டது, இப்போது பாம்பு வந்திருக்கிறது. டாக்டரே கையில் கொடுக்கிறார்.

"நின்னாங்க" என்றான். "பாம்பாத்தான் இருக்கும்."

"எப்ப அண்ணே?" என்றாள் பாஞ்சாலை.

"அன்னிக்குத்தான். மடை கிட்ட."

டாக்டர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்பினார். தள்ளுவண்டி வந்தது. கலியனைத் தூக்கி அதில் போடும்போது அவன் வாயிலிருந்து மஞ்சள் நீர் வழிந்தது. டாக்டர் ஒரு தாளைப் பாஞ்சாலையிடம் நீட்டினார். "மூணு மணி நேர ரோடு. இந்தப் பொட்டாசியத்தோட போறார். ஊசியோட வேகம் பாதி வழியில தீந்துடும். வண்டியிலயே ஹார்ட் நிக்கலாம். அதுக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போடுங்க."

பாஞ்சாலை பேனாவை வாங்கினாள். எங்கே போட வேண்டும் என்று நர்ஸ் விரலால் காட்டினாள்.

"பாம்பு இல்லீங்க" என்றான் தங்கராசு.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பின்ன என்ன?"

"அடிங்க."

"யார் அடிச்சது?"

"நான்."

டாக்டர் அவனைத் திட்டவில்லை. தள்ளுவண்டியை உள்ளே திருப்பச் சொல்லிவிட்டு, எதால், எங்கெங்கே, எத்தனை நேரம், அப்புறம் தண்ணீர் குடித்தானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் ஒவ்வொன்றுக்கும் வேலைக் கணக்கு ஒப்பிப்பவன் போலச் சரியாகப் பதில் சொன்னான். மூங்கில் கழி, ஈரச் சாக்கு. தொடை, பிட்டம், முதுகு. வெயில் இறங்கும் வரை தண்ணீர் இல்லை. கடைசியில் அவனாகவே சேர்த்துக்கொண்டான்:

"சதையிலதாங்க போட்டேன். தலையில ஒண்ணுகூட படல. எலும்பு ஒண்ணுகூட ஒடையல, நீங்களே பாருங்க."

"எலும்பு ஒடைஞ்சிருந்தா மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார் டாக்டர். "நீ அடிச்சியே சதை, அதுதான்யா அவனைக் கொல்லுது."

அவர் உள்ளே ஓடினார். பாஞ்சாலை பேனாவை இன்னும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை நர்ஸிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். குனிந்து பையிலிருந்து ஓர் இளநீரை எடுத்து, காம்பைப் பிடித்து, கையைப் பின்னால் கொண்டுபோய் அண்ணனின் முகத்தில் வீசி அடித்தாள்.

மூக்கு உடைந்த சத்தம் தெளிவாகக் கேட்டது.

"எலும்பா பாக்கற? இந்தா பாரு எலும்பு!" என்று அடுத்ததை எடுத்தாள். அது வாயில் விழுந்தது. இரண்டு பற்கள் ரத்தத்தோடு தரையில் தெறித்தன. "பாம்புன்னு சொன்னியே! மெட்ராஸுக்கு வண்டி ஏத்தப் பாத்தியே! நான் கையெழுத்துப் போட இருந்தனேடா, பாவி!"

அவன் கையைத் தூக்கவில்லை. கீழே உட்கார்ந்துவிட்டான். அவள் அவன் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். கேட்காத அந்தக் காதில் குனிந்து என்னென்னவோ கத்தினாள். வாட்ச்மேனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தும் கையில் முடியோடுதான் வந்தாள். அதே அவசரப் பிரிவில், கலியனுக்கு அடுத்த கட்டிலில் தங்கராசுவின் மூக்குக்குப் பஞ்சு வைத்தார்கள். இங்கே இவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அங்கே கலியன் கழுத்தில் ஊசி இறக்கி, ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் கழுவத் தொடங்கியிருந்தார்கள்.

அடிதடி கேஸ் என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீஸுக்குத் தகவல் போயிற்று. வந்தவர் தங்கராசுவிடம் விஷயத்தை எளிமையாகச் சொன்னார்: "அவன் பொழைச்சா கொஞ்ச நாள் உள்ள இருப்ப. செத்தா முந்நூத்தி ரெண்டு, கொலை." முதலாளி, தான் மேஸ்திரியிடம் யாரையும் அடிக்கச் சொன்னதே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தங்கராசு திண்டிவனம் பக்கம் கிளைச் சிறைக்குப் போனான். மூக்கு கோணலாகவே சேர்ந்தது.

முதல் டயாலிசிஸ் முடிந்ததும் கிரியாட்டினின் நாலுக்கு இறங்கியது. பாஞ்சாலை வார்டெல்லாம் சொல்லி மகிழ்ந்தாள். அடுத்த நாள் மறுபடி ஆறரை. அழுதுகொண்டு போய் டாக்டரிடம் நின்றாள்.

"மெஷின் இறக்கினது மெஷினோட கணக்கு" என்றார் அனுஷியா. "கிட்னியோட கணக்கு வேற. ரெண்டு டயாலிசிஸுக்கு நடுவுல எவ்வளவு ஏறுதுன்னு பாருங்க. ஏற்றம் குறைஞ்சா கிட்னி முழிக்குதுன்னு அர்த்தம். அதுக்கும் முன்னாடி அந்தப் பையைப் பாருங்க."

பிறகு பாஞ்சாலை கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு தின்னும்போதும் அதைப் பார்த்தபடி தின்றாள். ஒரு வாரத்துக்குமேல் அடியில் கொஞ்சம் கறுப்புத் தண்ணீர், அவ்வளவுதான். கலியனின் தொடைகளில் சதை வற்றித் தோல் தொங்கியது. கண் விழித்த நாளில் போலீஸ்காரர் வாக்குமூலம் வாங்க வந்தபோது, "வரப்புல வழுக்கிட்டேங்க" என்றான்.

பாஞ்சாலை எழுந்தாள். "இன்னொரு வாட்டி வழுக்குனேன்னு சொல்லு, கழுத்துல இருக்குதே குழாய், அதை நானே புடுங்கிடறேன்."

"புடுங்காதடி, உசிரு இருக்குது அதுல" என்றான் கலியன். பிறகு நடந்ததைச் சொன்னான்.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்துப் பையில் நீர் ஏறியது. முதலில் அரைப் பை, நிறம் தேறிக்கொண்டே வந்தது, பிறகு ஒரு நாளைக்கு நாலைந்து லிட்டர் கொட்டியது. இப்போது இவ்வளவு போகிறதே என்று பயந்தவளிடம், விழித்த கிட்னிக்கு முதலில் அளவு தெரியாது, போகிற அளவுக்குத் தண்ணீரும் உப்பும் கொடுங்கள் என்றார் டாக்டர். டயாலிசிஸ் நிறுத்தியும் கிரியாட்டினின் ஏறவில்லை. ஐந்து, நாலு, இரண்டரை என்று தானாக இறங்கியது. எஸ்ஜிஓடியும் எந்த ஈரல் மருந்தும் இல்லாமல் நாற்பதுக்குள் வந்துவிட்டது.

சிறையில் தங்கராசுவைப் பார்க்கப் போன எல்லோரிடமும் அவன் ஒன்றைத்தான் கேட்டானாம்: கிரியாட்டினின் எவ்வளவு? மனைவிக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை. நான் போன அன்று நாலு என்று சொன்னேன். "ஒண்ணுக்கு வரணுங்க இல்ல?" என்றான். ஆமாம் என்றேன். இரவில் அந்த எண்ணையே முணுமுணுத்துக்கொண்டிருப்பதாக அவனோடு இருந்தவர்கள் கேலி செய்தார்கள். அப்படிக் கேலி செய்த ஒருவனை அவன் அடிக்கப் போய், கை ஓங்கியவன் அப்படியே நின்று, அந்தக் கையைச் சுவரில் குத்திக்கொண்டான் என்றும் சொன்னார்கள். விரல் எலும்பு இரண்டு முறிந்தது. அது எனக்கு வார்டர் சொன்னது. கையில் போட்டிருந்த மாவுக்கட்டை நானே பார்த்தேன்.

கலியனை வீட்டுக்கு அனுப்பிய வாரத்தில் பாஞ்சாலை சிறைக்குப் போனாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றாள். அவன் கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பினான்.

"எவ்வளவு?" என்றான்.

"யாருக்காகக் கேக்கற? அவருக்கா, உனக்கா?"

அவன் கோணல் மூக்கைக் கட்டுப்போட்ட கையால் துடைத்தான். பின்னால் நின்ற வார்டர் நேரமாகிறது என்றார்.

"தெரியல பாஞ்சாலை" என்றான் கடைசியில். "மொதல்ல எனக்காகத்தான் கேட்டேன்."

"ஒண்ணு புள்ளி மூணு" என்றாள் அவள். "நடக்கறாரு. மடையாண்ட போவமாட்டேன்றாரு, சாக்கைப் பார்த்தா ஒண்ணுக்குப் போறாரு. ஆனா பொழைச்சுட்டாரு. உனக்குத் தூக்கு இல்ல."

அவன் தலை கம்பியில் சாய்ந்தது.

"சாயாத, நேரா நில்லு" என்றாள் பாஞ்சாலை. "உன்னை இன்னும் நாலு போடத்தான் வந்தேன். நடுவுல கம்பி நிக்குது."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்து, மரக்காணம் பஸ் எங்கே நிற்கும் என்று வாசலில் இருந்த காவலரிடம் கேட்டாள்.